விதையுறையும் விதைக்குள் விழிக்கும் நொதிகளும்

விதையுறை என்றதும் உலர்ந்த பயறைச் சுற்றியிருக்கும் மெல்லிய தோலே பெரும்பாலோரின் நினைவுக்கு வருகிறது. பருப்பு உடைக்கும் ஆலையில் அது பொட்டாகப் பிரிந்து மாட்டுத் தொட்டிக்குப் போகிறது; சமையலறையில் ஊறவைத்த உளுந்தைக் கழுவும்போது தண்ணீரோடு வழிந்துவிடுகிறது. பாடநூல்களும் பாதுகாப்பு என்னும் ஒரு பணியை அதற்குக் கொடுத்துவிட்டு, வித்திலைகளைப் பற்றிப் பேசச் சென்றுவிடுகின்றன. முற்றிக் காய்ந்த விதையை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தக் கணிப்பில் பெரிய பிழையில்லை. ஆனால் அதே விதை காய்க்குள் பசுமையாக வளர்ந்துகொண்டிருந்த வாரங்களில், கருவுக்குத் தேவையான சர்க்கரை, நைட்ரஜன் சத்து, காற்று ஆகிய மூன்றும் அந்த உறையைத் தாண்டியே உள்ளே சென்றன. தாண்டும் இடத்திலேயே அவற்றின் அளவும், பல நேரங்களில் அவற்றின் வேதி வடிவமும் மாற்றப்பட்டன. உயிருள்ள செல்களில் ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றும் வேதிவினையை விரைவுபடுத்தும் புரதங்களை நொதிகள், அதாவது என்சைம்கள், என்கிறோம். வளரும் கருவில் எந்த நொதி எப்போது முனைப்புப் பெறுகிறது என்பதைப் பெருமளவுக்கு உறைதான் வகுத்துக் கொடுக்கிறது என்பதே கடந்த அரை நூற்றாண்டு ஆய்வுகள் காட்டும் செய்தி.

இதைப் புரிந்துகொள்வதற்கு, உறை யாருக்குச் சொந்தமானது என்னும் கேள்வியிலிருந்து தொடங்கவேண்டும். பூவின் சூலகத்துக்குள் இருக்கும் சூலைச் சுற்றி ஒன்றோ இரண்டோ சூலுறைகள் அமைந்திருக்கும்; கருவுறுதல் நிகழ்ந்த பின் அவையே தடித்து, அடுக்குகளாகப் பிரிந்து விதையுறையாகின்றன. மகரந்தம் கொண்டுவரும் இரண்டு ஆண் அணுக்களில் ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவையும், மற்றொன்று மைய செல்லோடு சேர்ந்து கருவூண் திசுவையும் தோற்றுவிக்கின்றன. உறையில் மட்டும் தந்தைச் செடியின் பங்கு சிறிதும் இல்லை. ஆகவே ஒரே விதையில் இரண்டு தலைமுறைகள் அடுத்தடுத்து இருக்கின்றன: வெளியே தாய்ச்செடியின் உடல், உள்ளே அதன் சேய். கிரெகோர் மெண்டல் 1866-இல் வெளியான தம் பட்டாணி ஆய்வில் இந்த வேறுபாட்டைக் கவனித்திருந்தார். விதை உருண்டையா சுருங்கியதா என்பதும், வித்திலை மஞ்சளா பச்சையா என்பதும் கலப்புச் செய்த அதே ஆண்டு விதைகளிலேயே தெரிந்துவிட, உறையின் நிறம் மட்டும் தாய்ச்செடியின் பண்பாகவே நின்றது. சுருங்கிய பட்டாணிக்குக் காரணம், மாவுச்சத்தின் கிளைகளை உருவாக்கும் நொதி ஒன்றுக்குரிய மரபணு பழுதுபட்டிருப்பதே என்று 1990-இல் இங்கிலாந்தின் நாரிச் நகர ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அந்த நொதி கருவின் சொந்த நொதி. அதன் செயலுக்குத் தாய் எவ்வாறு களம் அமைக்கிறாள் என்பது வேறொரு கதை.

தாய்த்திசுவுக்கும் சேய்த்திசுவுக்கும் இடையே செல்லோடு செல் இணைப்பு எதுவும் கிடையாது என்பதுதான் அந்தக் கதையின் மையம். தாவரத்தின் உடலெங்கும் அடுத்தடுத்த செல்கள் மிக நுண்ணிய பிளாஸ்மா இழைகளால் இணைக்கப்பட்டிருந்தாலும், உறையின் உட்புறத்துக்கும் கருவின் மேற்புறத்துக்கும் நடுவே அத்தகைய இழைகள் இல்லை. தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் பனிக்காலத்தில் பச்சை மொச்சையை ஊறவைத்துப் பிதுக்குப் பருப்பு எடுப்பவர்கள் இந்த இடைவெளியைத் தினமும் விரலால் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். கட்டைவிரலால் ஒரு முனையை அழுத்தியதும் தடித்த உறை கையில் நிற்க, இரண்டு வித்திலைகளும் எங்கும் கிழியாமல் வழுவழுப்பாக வெளியே வந்து விழுகின்றன. இலையில் உண்டான சர்க்கரையைச் சுமந்துவரும் ஃபுளோயம் என்னும் குழாய்த் திசு, காய்ச்சுவர் வழியாகவும் விதைக்காம்பு வழியாகவும் வந்து உறைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது; ஒரு நரம்புகூடக் கருவுக்குள் நுழைவதில்லை. தாய் கொடுப்பது அனைத்தும் உறையின் செல்களிலிருந்து செல்களுக்கு வெளியே உள்ள நீர்மத்தில் கசிந்து, அங்கிருந்து கருவால் உறிஞ்சப்படவேண்டும். எந்தப் பொருள், எவ்வளவு, எந்த வடிவில் என்பதை உறை தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ள இடம் கொடுப்பது இந்த நீர்ம இடைவெளியே.

உறையின் இந்தச் சுதந்திரத்தை நேரில் காட்டிய ஆய்வுமுறை 1980-களின் தொடக்கத்தில் உருவானது. அவரையினச் செடி ஒன்றில், காய் செடியோடு இருக்கும்போதே அதன் சுவரில் சிறு சன்னல் வெட்டப்படும். உள்ளே தெரியும் இளவிதையின் உறையை ஒரு பக்கம் அரிந்து, கருவைப் பக்குவமாக வெளியே எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது காம்பில் தொங்கும் ஒரு வெற்றுக் கிண்ணம். அதற்குள் உப்புக்கரைசலையோ அகர் கூழையோ நிரப்பி, சில மணி நேரம் கழித்து எடுத்துப் பரிசோதித்தால், கரு இல்லாத நிலையிலும் உறை சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் தொடர்ந்து சுரந்துகொண்டிருப்பது தெரிந்தது. இன்னொரு செய்தி அதைவிட முக்கியமானது: ஃபுளோயத்தில் வந்து சேர்ந்த பொருள்களின் பட்டியலும் கிண்ணத்தில் சேர்ந்த பொருள்களின் பட்டியலும் ஒன்றாக இல்லை. வழியில் உறையின் நொதிகள் வேலை செய்திருந்தன.

சர்க்கரையைப் பொறுத்தவரை இந்த வேலையை மிக விரிவாக ஆராய்ந்தது ஜெர்மனியின் காடர்ஸ்லேபன் ஊரிலுள்ள தாவர மரபியல் ஆய்வு நிறுவனம். அங்கே எடுத்துக்கொள்ளப்பட்ட பயிர் ஃபாபா அவரை. மேற்காசியாவிலும் ஐரோப்பாவிலும் தொன்றுதொட்டுப் பயிராகும், மொச்சையைவிடப் பெரிய விதைகளைக் கொண்ட அவரையினம். தாவரங்களில் சர்க்கரை பெரும்பாலும் சுக்ரோஸ் வடிவில் பயணம் செய்கிறது. வீட்டில் பயன்படும் சீனியும் அதுவே. ஒரு சுக்ரோஸ் மூலக்கூறு, ஒரு குளுகோஸும் ஒரு ஃபிரக்டோஸும் இணைந்தது. ஃபாபா அவரையின் இளவிதையில், உறையின் உட்புறத்தில் மெல்லிய சுவர் கொண்ட செல்களாலான ஓர் அடுக்கு இருக்கிறது. அந்த அடுக்கிலும், உறைக்குள் ஓடும் முக்கிய நரம்பை ஒட்டியும் செல்சுவர் இன்வெர்டேஸ் என்னும் நொதி உற்பத்தியாவதை 1995-இல் அக்குழுவினர் வெளியிட்டனர். வந்துசேரும் சுக்ரோஸை இது உடனுக்குடன் இரண்டாகப் பிளந்துவிடுவதால், இளங்கருவைச் சூழ்ந்த நீர்மத்தில் குளுகோஸும் ஃபிரக்டோஸும் மிகுந்தும் சுக்ரோஸ் குறைந்தும் காணப்படுகின்றன. இந்தச் சூழலில் வித்திலையின் செல்கள் பிளவுபட்டுப் பெருகிக்கொண்டே இருக்கின்றன. மாவுச்சத்தைச் சேமிக்கும் வேலை இன்னும் தொடங்கியிருக்காது.

கரு வளர வளர அதன் அழுத்தத்தாலும் தன் வயதாலும் மெல்லிய அடுக்கு நசுங்கிச் சிதைந்துபோக, அதனோடு இன்வெர்டேஸும் மறைகிறது. இப்போது சுக்ரோஸ் பிளவுபடாமல் முழுதாகவே கருவை அடைகிறது. அதே காலத்தில் கருவின் மேற்புறச் செல்கள் உட்பக்கமாக மடிந்த சுவர்களை வளர்த்துத் தம் பரப்பைப் பெருக்கிக்கொண்டு, சுக்ரோஸை உள்ளிழுக்கும் கடத்திப் புரதங்களையும் தயார்செய்கின்றன; உள்ளே சுக்ரோஸ் சிந்தேஸ் என்னும் நொதியும், மாவுச்சத்து உற்பத்தியின் முதல் படியைக் கட்டுப்படுத்தும் ஏடிபி (ADP) குளுகோஸ் பைரோபாஸ்பரிலேஸ் என்னும் நொதியும் வேகம் பிடிக்கின்றன. செல் பெருக்கம் முடிந்து சேமிப்பு தொடங்கும் இந்தத் திருப்பம் விதையின் வாழ்வில் மிகப் பெரியது. எத்தனை செல்கள் பெருகின என்பதே பின்னால் எவ்வளவு சேமிக்க இடமிருக்கும் என்பதற்கு வரம்பு வகுக்கிறது. பெரிய விதை தரும் ஃபாபா அவரை ரகத்தையும் சிறிய விதை தரும் ரகத்தையும் ஒப்பிட்டபோது, பெரிய ரகத்தின் உறையில் மெல்லிய அடுக்கு கூடுதல் செல்களோடு இருந்ததும், அங்கே இன்வெர்டேஸ் அதிக நாட்கள் நீடித்ததும், அதனால் வித்திலையில் செல் பெருக்கம் நீண்ட காலம் நடந்ததும் 1996-இல் தெரிய வந்தன.

இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே காலத்தில் நடப்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது என்பதை அக்குழுவினர் உணர்ந்திருந்தனர். அவர்கள் பணியில் போற்றத்தக்கது இந்த நிதானமே. வித்திலைகளைத் தனியே எடுத்து வளர்ப்புக் கரைசலில் வைத்தபோது, சுக்ரோஸ் மிகுந்த கரைசல் சேமிப்பு நொதிகளைத் தூண்டியது. குளுகோஸும் ஃபிரக்டோஸும் மிகுந்த கரைசல் செல் பெருக்க நிலையை நீட்டித்தது. அடுத்து, ஃபாபா அவரைக்கு உறவான நார்பன் அவரையில் ஈஸ்ட்டின் இன்வெர்டேஸ் மரபணுவைப் புகுத்தி, சேமிப்புக் காலத்திலும் வித்திலையில் சுக்ரோஸ் பிளக்கப்படும்படி செய்தார்கள். 1998-இல் வெளியான அந்த முடிவின்படி, உள்ளே சுக்ரோஸ் குறைந்தது, மாவுச்சத்தும் குறைந்தது. சுக்ரோஸ் உணவாக மட்டுமின்றி, சேமிப்பைத் தொடங்கலாம் என்னும் அறிவிப்பாகவும் செயல்படுகிறது என்னும் கருத்து இவ்வாறு வலுப்பெற்றது. அந்த அறிவிப்பைக் கருவுக்குள் எடுத்துச் சொல்லும் இடைத்தரகராக ட்ரெஹலோஸ் 6-பாஸ்பேட் என்னும், மிகச் சிறிய அளவில் காணப்படும் சர்க்கரைப் பொருள் பட்டாணியில் இயங்குவதை அதே நிறுவனத்தார் 2021-இல் காட்டினர். அது ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோனின் உற்பத்தியைத் தூண்டி விதை நிரம்புவதற்கு வழிசெய்கிறது.

காற்றின் கதை சற்றே எதிர்பாராதது. உறை இறுக்கமானது, வளிமத்தை எளிதில் உள்ளே விடுவதில்லை. தலைமுடியைவிட மெல்லிய முனையுள்ள உணர்கருவிகளை வளரும் பட்டாணி விதைக்குள்ளும் ஃபாபா அவரை விதைக்குள்ளும் செலுத்தி அளந்தபோது, உறையைத் தாண்டுவதற்குள் ஆக்சிஜன் மிகக் கீழான நிலைக்கு இறங்கிவிடுவது தெரிந்தது. ஆக்சிஜன் குறைந்தால் செல்லின் சுவாசம் தளரும்; ஆற்றல் நாணயமான ஏடிபி (ATP) குறையும். சுக்ரோஸை உடைக்க இன்வெர்டேஸ் வழியைப் பின்பற்றினால் அடுத்த படிகளுக்கு அதிக ஏடிபி செலவாகும், சுக்ரோஸ் சிந்தேஸ் வழியில் செலவு குறைவு. ஆகவே காற்றுக்குறைந்த விதைக்குள் சுக்ரோஸ் சிந்தேஸ் மேலோங்கி நிற்பதற்கு உறையின் இறுக்கமும் ஒரு காரணமாகிறது. பச்சைப் பட்டாணியின் கரு பச்சையாக இருப்பதன் பயனும் இங்கேதான் விளங்குகிறது. காய்ச்சுவரையும் உறையையும் ஊடுருவி வரும் மங்கலான ஒளியைக் கொண்டு கரு ஒளிச்சேர்க்கை செய்கிறது. அதனால் கிடைக்கும் சர்க்கரை சொற்பமாக இருந்தாலும், உடன் வெளியாகும் ஆக்சிஜன் உள்ளிருக்கும் திசுக்களின் ஆற்றல் நிலையை உயர்த்திச் சேமிப்பு நொதிகளுக்குத் துணைசெய்கிறது.

புரதத்துக்கு வேண்டிய நைட்ரஜனும் உறையில் உருமாறுகிறது. தட்டைப்பயறும் சோயாவும் வேர்முடிச்சுகளில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து, அதை அல்லன்டாயின், அல்லன்டாயிக் அமிலம் என்னும் யூரைடு வகைப் பொருள்களாக மேலே அனுப்புகின்றன. நான்கு கார்பன் அணுக்களுக்கு நான்கு நைட்ரஜன் அணுக்களைச் சுமக்கும் இவை சிக்கனமான சுமைவண்டிகள். ஆனால் வளரும் கரு அவற்றை நேரடியாகப் பயன்படுத்தத் திறமற்றது. வெற்று உறைக் கிண்ணங்களில் சேர்ந்த நீர்மத்தில் யூரைடுகள் மிகக் குறைவாகவும், குளூட்டமின், அஸ்பராஜின் ஆகிய அமைடுகள் மிகுந்தும் இருந்ததற்கு, யூரைடுகளைச் சிதைக்கும் நொதிகளும் அமைடுகளைக் கட்டும் நொதிகளும் தாய்த்திசுக்களில் இயங்குவதே காரணம். இலையும் காய்ச்சுவரும் இந்தப் பணியில் பங்கேற்றாலும், கடைசிச் சுங்கச்சாவடியாக நிற்பது உறையே. ஃபுளோயத்தில் அஸ்பராஜினாக நைட்ரஜன் வரும் பட்டாணியில், அதைப் பிளக்கும் அஸ்பராஜினேஸ் முதலில் உறையில் உயர்ந்து, பின்னரே வித்திலைகளில் உயர்கிறது. தட்டைப்பயறையும் உளுந்தையும் புரதத்துக்காக நம்பியிருக்கும் ஒரு சமூகத்தில், அந்தப் புரதத்தின் மூலப்பொருள் கடைசியாகப் பக்குவப்படும் இடம் பொட்டாக ஒதுக்கப்படும் அந்தத் தோல்தான் என்பது பரவலாக அறியப்படவேண்டிய செய்தி.

தானியங்களில் ஏற்பாடு வேறு. ஆனால் தர்க்கம் அதுவே. மக்காச்சோளத்தில் இன்வெர்டேஸ் உறையில் இல்லாமல், தாய்த்திசுவை எதிர்கொள்ளும் கருவூண் திசுவின் அடிப்புறச் செல்களில் இருக்கிறது. அந்த நொதிக்குரிய மரபணு பழுதுபட்ட குறுமணி வகையில் விதையின் எடை இயல்பான எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். நெல்லில் மணி நிரம்புவதற்கு இன்றியமையாத ஜிஃப்1 என்னும் செல்சுவர் இன்வெர்டேஸ் மரபணுவை 2008-இல் சீன ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். காட்டு நெல்லைவிடப் பயிர்நெல்லில் அது குறுகிய இடத்திலேயே செயல்படுவதால், மனிதர் நெல்லை வளர்ப்புப் பயிராக்கிய காலத்திலேயே அது தேர்வுக்கு உட்பட்டிருக்கவேண்டும் என்று அவர்கள் கருதுகிறார்கள். சோயாவில் உறையிலிருந்து கருவை நோக்கிச் சர்க்கரையை வெளியேற்றும் ஸ்வீட்10 என்னும் கடத்திப் புரதங்களும் விதையின் பருமனை இவ்வாறே மாற்றுகின்றன: அவற்றின் மரபணுக்களை முடக்கினால் விதை சிறுத்து எண்ணெய் குறைந்து புரத விகிதம் உயர்கிறது, மிகையாக இயக்கினால் விதை பெருத்து எண்ணெய் கூடுகிறது. மழை பொய்க்கும்போது இந்த ஏற்பாடு எவ்வளவு எளிதில் குலையும் என்பதை மக்காச்சோளம் காட்டுகிறது. பூக்கும் நாட்களில் நீர் கிடைக்காவிட்டால் சூலகத்தின் இன்வெர்டேஸ் செயல்பாடு சரிந்து இளமணிகள் கருகிவிடுகின்றன; அதே செடிகளின் தண்டுக்குள் சுக்ரோஸ் கரைசலைச் செலுத்தியபோது மணிகளில் ஒரு பகுதி பிழைத்தது. மானாவாரிப் பயிரில் பூக்கும் பருவத்து நீருக்கு உழவர்கள் கொடுக்கும் முக்கியத்துவத்துக்குப் பின்னால் இப்படியொரு நொதிக் கணக்கும் இருக்கிறது.

ஊட்டும் பணி முடிந்த பின் உறை தன் சொந்த நொதிகளைக் கொண்டே தன்னை மாற்றிக்கொள்கிறது. ஜெருசலேமில் 1970-களில் காட்டுப் பட்டாணியைக் கொண்டு நடந்த ஆய்வில், முற்றும் விதைகளை ஆக்சிஜன் உள்ள சூழலில் உலர்த்தினால் உறை நீர்புகாததாகவும், ஆக்சிஜன் இல்லாத சூழலில் உலர்த்தினால் நீர்புகக்கூடியதாகவும் அமைந்தது. உறையிலுள்ள ஃபீனால் பொருள்களை கேட்டகால் ஆக்சிடேஸ் என்னும் நொதி ஆக்சிஜனோடு வினைபுரியச் செய்து கெட்டிப்படுத்துவதே இதன் காரணமாகக் கூறப்பட்டது. வளர்ப்புப் பட்டாணியின் உறையில் அந்த நொதியின் செயல்பாடு மிகக் குறைவு. இதே ஃபீனால் பொருள்களும் டானின்களும் புரதங்களைப் பற்றிக்கொண்டு நொதிகளைச் செயலிழக்கச் செய்யும் இயல்புடையவை. உயிருள்ள செல்லில் அவை தனி அறைகளில் அடைபட்டிருப்பதால் தீங்கு நேர்வதில்லை. ஆனால் விதையை உறையோடு சேர்த்து அரைத்தால் கருவின் நொதிகளும் முடங்கிப்போக, இல்லாத குறை ஒன்று அளவீட்டில் தோன்றிவிடும். ஆகையால் ஆய்வகங்களில் உறையை முதலில் உரித்துத் தனியே அளப்பதும், அரைக்கும் கரைசலில் டானினைப் பிடித்துக்கொள்ளும் பாலிவினைல்பிரோலிடோன் என்னும் பொருளைச் சேர்ப்பதும் வழக்கம்.

பயிர் வளர்ப்பாளர்களுக்கு இவை அனைத்திலிருந்தும் கிடைக்கும் நடைமுறைச் செய்தி ஒன்று உண்டு. இரண்டு ரகங்களைக் கலந்து பெற்ற விதையின் உள்ளே இருப்பது கலப்புக் கரு. வெளியே இருப்பதோ பழைய தாய் ரகத்தின் உறை. அந்த விதை முளைத்துச் செடியாகும்போதுதான் உறை கலப்பினத்துக்குரியதாகிறது. அப்போதும் அந்தச் செடியில் காய்க்கும் எல்லா விதைகளுக்கும் உறை ஒரே மரபமைப்பு உடையதாக, உள்ளிருக்கும் கருக்கள் மட்டும் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருக்கும். உறையின் மரபணுக்களால் வரும் வேறுபாடுகள் அதற்கும் அடுத்த தலைமுறைச் செடிகளில் காய்க்கும் விதைகளில்தான் வெளிப்படும். ஆகவே உறையால் தீர்மானிக்கப்படும் விதைப் பருமனை மேம்படுத்த விரும்புவோர், கலப்பினச் செடியின் ஒரே காயிலிருந்து பெரிய மணிகளைப் பொறுக்கியெடுப்பதால் பயன் பெரிதாக இராது. ஒரு தலைமுறை பொறுத்திருந்து, ஒவ்வொரு செடியின் விதைகளுக்கும் சராசரி எடையைக் கணக்கிட்டு, மணிகளைவிட்டுச் செடிகளைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.